மூன்றாவது சிலிண்டர்

பிரிக்பீல்ட்ஸ்
12.1.2025

திரு. சண்முகரத்தினம் அவர்களுக்கு,

ஒன்பது வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். நீங்களும் என் தங்கை குணபூசணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், மற்றபடி குறையில்லை.

போன் செய்திருக்கலாமே என்பீர்கள். உங்கள் எண்ணை 2016-இல் அடைத்து வைத்தேன், திறக்க மனம் வரவில்லை. தவிர, இது கம்பெனிக் கணினியிலும் போனிலும் தடம் விடாமல் சொல்லவேண்டிய விஷயம்.

போன வியாழக்கிழமை என் மேசைக்கு ஒரு வாரண்டிக் கோப்பு வந்தது. நீல நிற டர்போ கார். மூன்று வயது, ஐந்து வருஷ வாரண்டி. ஃபெடரல் ஹைவேயில் இன்ஜின் நின்று, லோரியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் உடைந்திருக்கிறது. உரிமையாளர் பெயர் ஜனகா, தகப்பன் பெயர் சண்முகரத்தினம். என் மருமகளை நான் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தாள்.

இந்தக் கம்பெனிக் கார்களுக்கு இன்ஜின் வாரண்டி உண்டா இல்லையா என்று கடைசியாக எழுதுகிறவன் நான். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது தீப்பொறி தட்டுவது என்ற அட்டவணை காரின் கணினியில் இருக்கிறது. நீங்கள் மேப் என்பீர்கள். அதை எத்தனை முறை மாற்றி எழுதினார்கள் என்று கணினியே எண்ணி வைக்கும். தொழிற்சாலையில் பூஜ்யம். ஜனகாவின் காரில் இரண்டு. ஒருமுறை மாற்றி, ஒருமுறை பழையபடி எழுதியிருக்கிறார்கள். பழையதைத் திரும்ப எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

யாருடைய கை என்று கோப்பில் இல்லை. எனக்குக் கோப்பு தேவைப்படவில்லை. இன்ஜின் மேல் மூடி போல்ட்டுகளின் தலையில் ரோஸ் நிறத்தில் சின்னக் கோடுகள். நகப்பூச்சு. முறுக்கி முடித்த போல்ட்டுக்கு அடையாளமாக நகப்பூச்சால் கோடு போடுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். 1996-இல் நூறு குவார்ட்டர்ஸ் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மஞ்சள் பெயிண்ட் தீர்ந்துபோன அன்று, என் தங்கையிடம் நகப்பூச்சு கேட்டு வாங்கியவர் நீங்கள். புட்டியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நாலு முறை வந்து, கடைசியில் மாப்பிள்ளையாக வந்தீர்கள்.

ஜனகா செலாயாங்கில் மருந்தாளராக இருக்கிறாள் என்று கோப்பில் படித்தேன். புது இன்ஜினுக்கு அவளுடைய ஒரு வருஷச் சம்பளம் போய்விடும். அதை அவள் தலையில் ஏற்றியது யார் என்று நீங்கள் அறியவேண்டும். அதற்காகவே எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவேந்திரன்


பண்டமாரான், கிள்ளான்
19.1.2025

அன்பு மச்சான் சிவாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் நலம். என் முட்டி மட்டும் மழை வர்றதை ரேடியோவுக்கு முன்னாடியே சொல்லுது. உனக்குச் சர்க்கரை கூடுதல்னு படிச்சதும் குணாவுக்கு வருத்தம். கவர்மேல உன் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைச்சிட்டு வந்து உட்கார்ந்துட்டா.

எப்ப மச்சான் நான் 'நீங்கள்' ஆனேன்? என் சாரத்தைக் கட்டிக்கிட்டு என் பாயில படுத்தவன் நீ. முதல் வரியைப் படிச்சிட்டு பேங்க்ல இருந்து வந்திருக்கோன்னு பயந்துட்டேன் லா.

ஆமா, என் கைதான். உன்கிட்ட மறைக்கமாட்டேன். 2023 ஆகஸ்ட்ல மேல் மூடியைக் கழற்றி ப்ளக்கைப் பார்த்துட்டு மேப் போட்டேன். அவளோட இருபத்தஞ்சாவது பிறந்தநாள். "அப்பா, ஊர்ல எல்லார் காரையும் தொடறீங்க, என் காரை மட்டும் ஏன் தொடமாட்டேங்கறீங்க"ன்னு கேட்டா. மனசு கேக்கல. பெரிசா ஒண்ணும் இல்ல. மேட்டுல ஏறும்போது கொஞ்சம் சுறுசுறுப்பு, அவ்வளவுதான். ஒன்பது வாரத்துல, அக்டோபர்ல, நானே அதை எடுத்திட்டு கம்பெனி மேப்பைத் திரும்ப வச்சிட்டேன். ஏன் எடுத்தேன்னு கேக்காதே, அது என்னோட இருக்கட்டும். அதுக்கப்புறம் பதினாலு மாசம் கம்பெனி மேப்புலதான் ஓடிச்சு. இந்த ஜனவரியில உடைஞ்சிருக்கு. நீயே யோசி.

புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் டப்பாவைப் பத்தி நீ எழுதல. ஆனா மனசுல நினைச்சிருப்ப. அதை நான் தொடல. 2012-ல இருந்து என் கடையில அதைக் கழற்றச் சொல்லி வர்றவனை வாசலோட அனுப்பறேன். ஜனகாவுக்குச் சின்ன வயசுல மூச்சு இழுக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். கடைக்குப் பின்னாலதான் வீடு. ஒருநாள் அவ கையில மூச்சுப் பம்போட நின்னா, நான் இந்தப் பக்கம் டப்பா இல்லாத காரை முறுக்கிக்கிட்டு இருக்கேன். அன்னையோட விட்டேன். போன மாசம்கூட ஒருத்தன் வந்து, "அங்கிள், டப்பாவைக் கழற்றுங்க, சத்தம் வேணும்"னான். "சத்தம் வேணும்னா உறுமி மேளம் வாங்கு தம்பி, சட்டமும் பிடிக்காது, பெட்ரோலும் வேண்டாம்"னேன்.

மருந்தை வேளாவேளைக்குப் போடு. பதில் எழுது.

உன் மச்சான்
ரத்தினம்


பிரிக்பீல்ட்ஸ்
2.2.2025

திரு. சண்முகரத்தினம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டிக்கு நல்ல மருத்துவரைப் பார்க்கவும். நான் முன்போலவே இருக்கிறேன்.

பதினாலு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். திருடியதைத் திருப்பி வைத்தால் திருட்டு இல்லை என்பது போல இருக்கிறது. வாரண்டிப் புத்தகத்தில் ஒரே வரி: கணினியைத் தொட்டால் இன்ஜினுக்கு உத்தரவாதம் இல்லை. எத்தனை வாரம், எவ்வளவு குதிரைசக்தி, யாருடைய பிறந்தநாள் என்று அதில் இல்லை. ஏன் அப்படி எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். இருபத்துநாலு வருஷமாக உருகிய பிஸ்டன்களைப் பார்க்கிறேன். ஒவ்வொன்றோடும் ஒருவன் வந்து, "கொஞ்சம்தான் சார் ஏற்றினோம்" என்றுதான் சொல்கிறான். மேப்பில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினால் கேட்டலிட்டிக்கைக் கழற்றாமலே அது உள்ளுக்குள் வெந்து போகும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

நாம் அன்று செய்ததற்கு மன்னிப்பு உண்டு. அன்று அந்தப் பழைய சாகா காருக்கு வாரண்டியும் இல்லை, டப்பாவும் இல்லை. ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் வந்த காரிலிருந்து, கிள்ளான் பழைய இரும்புக் கடையில் மழையில் நனைந்துகொண்டிருந்த இன்ஜினை எடுத்து, குவார்ட்டர்ஸ் மாமரத்தில் சங்கிலி கட்டி இறக்கினோம். அது முதல்முறை உயிர்பெற்றபோது வந்த புகையில் பக்கத்து வீட்டுக் கொடியில் இருந்த நாலு வெள்ளை வேட்டியும் கரிபிடித்தது. இப்போது அந்த மாமரமும் இல்லை, வேட்டிக்காரர் வீடும் இல்லை.

அந்தக் கார் யாருடையது என்பதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். 2016-இல் உங்கள் புதுக் கடைத் திறப்புக்கு வந்தேன். சுவரில் பெரிய படம். பத்து தீகா பந்தயத் திடல், இரண்டாம் பரிசு. மூலப்படத்தில் காருக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் நான். சுவரில் என் பக்கத்தைக் காணவில்லை. ஒலிபெருக்கியில் நீங்கள் "இந்தக் காரை நான் செஞ்சேன்" என்றீர்கள். மேப் எழுதியவன் அங்கே பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தான். தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஒன்பது வருஷத்தில் ஏன் போனாய் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இருந்தாலும் வேலையை வேலையாகச் செய்கிறவன் நான். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சொட்டினாலும் பிஸ்டன் இதேபோல் உடையும். ஆகவே மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றி, பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். கம்பெனியில் யாரும் கேட்கவில்லை, நானாக அனுப்பினேன்.

குணபூசணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

சிவேந்திரன்


பண்டமாரான்
9.2.2025

அன்பு மச்சானுக்கு,

நலம். நாளன்னைக்குத் தைப்பூசம். குணா பத்துமலைக்குப் போறா, என் முட்டி படிக்கட்டைப் பார்த்தாலே அழும், அதனால நான் கீழேயே தண்ணிப் பந்தல்ல நிப்பேன்.

படத்தைப் பத்தி எழுதியிருந்த. படிச்சேன். அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் மச்சான். நீ கோபமா இருக்கறது உன் உரிமை.

ஆனா இன்ஜெக்டரைக் கழற்றினியே, அதுக்கு நன்றி. நீதான் மூலகாரணம் தேடறவன், நான் ஸ்பேனரைத் தேடறவன். பெட்ரோல் அளவை மாத்தற அந்த எட்டுத் திருகுப் பெட்டி ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு திருகையும் தீக்குச்சி முனையளவு திருப்பி, நீ நோட்டுப் புத்தகத்துல எழுதுவ, நான் பழைய கிள்ளான் ரோட்டுல ஓட்டிக் காட்டுவேன். "நாலாயிரத்து இருநூறு சுத்துல இன்ஜின் இருமுது"ம்பேன். நீ கண்ணை மூடிக்கிட்டு, "இருமல் இல்ல, பசி"ம்ப. பெட்ரோல் கொஞ்சம் கூட்டுவ, சரியாயிடும். இப்ப கம்ப்யூட்டர் திரை பார்த்து வேலை செய்யறேன். ஆனா முடிச்சதும் இன்னும் கண்ணை மூடித்தான் கேக்கறேன். பசியா இருமலான்னு சொல்றதுக்குப் பக்கத்துல ஆள் இல்ல.

பரிசோதனைல என்ன வந்துச்சுன்னு எழுது. ஜனகாகிட்ட நீதான் பார்க்கறேன்னு சொன்னேன். "மாமா நேர்மையானவர்னு அம்மா சொல்லுவாங்க, அது போதும்"னா.

உன் மச்சான்
ரத்தினம்


பிரிக்பீல்ட்ஸ்
2.3.2025

ரத்தினம்,

சுகம். நடைப்பயிற்சி தொடங்கியிருக்கிறேன். கே.எல். சென்ட்ரலைச் சுற்றி ஒரு சுற்று, முடிவில் இனிப்பு தூக்கலாக ஒரு தே தாரிக் டீ, அதில் நடந்ததெல்லாம் வீண்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'நீ' என்றே எழுதுகிறேன். வயதாகிறது, 'நீங்கள்' போட்டால் வாக்கியம் நீளுகிறது.

நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. நீலப் பேனாவில் என் எண்கள், பக்க ஓரத்தில் கிரீஸ் கறையில் உன் கட்டைவிரல். உலு யாம் மலைப்பாதைக்கு விடியற்காலையில் போனோமே, அந்தப் பக்கத்தில் எண்ணுக்குப் பதிலாக "நன்று" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பனி இறங்கியிருந்தது. நீ நாலாவது கியரில் வளைவை எடுத்தாய். இன்ஜின் இருமவும் இல்லை, பசிக்கவும் இல்லை. பொறியியல் படித்தவன் எண்ணை எழுதாமல் "நன்று" என்று எழுதிய ஒரே நாள் அது. அதற்குப் பிறகு என் வேலையெல்லாம் உடைந்ததைப் பார்ப்பதுதான். நன்றாக ஓடும் எந்தக் காரும் என் மேசைக்கு வருவதில்லை.

இன்ஜெக்டர் முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

குணாவின் கண் எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருந்த அழுத்தம் அவளுக்கும் வரலாம், பார்க்கச் சொல்.

சிவா


பண்டமாரான்
30.3.2025

அன்பு மச்சானுக்கு,

நாளைக்கு ஹரி ராயா பெருநாள், கடையை மூடிட்டேன். எல்லாரும் நலம். குணாவுக்குக் கண் சோதிச்சாச்சு, பயப்பட ஒண்ணும் இல்ல. நீ சொன்னதாலதான் போனா.

நாலு வாரமாச்சு, உன்கிட்ட இருந்து ஒண்ணும் இல்ல. பரிசோதனை முடிவு வந்துச்சா? நல்லதோ கெட்டதோ எழுது. கெட்டதா இருந்தாலும், என் மேப்தான் காரணம்னு வந்தாலும், நீ சொன்னா ஒத்துக்குவேன். ஜனகா தினமும் ரெண்டு ரயில் ஒரு பஸ் மாறி வேலைக்குப் போறா. கார்த் தவணை மட்டும் மாசாமாசம் போகுது. "காரே இல்லாம கார் வச்சிருக்கேன்பா"ன்னு சிரிக்கிறா. சிரிக்கறதைத்தான் தாங்க முடியல.

மருந்தை விட்டுடாதே.

ரத்தினம்


பண்டமாரான்
20.4.2025

மச்சான்,

நலமா?

கம்பெனிக் கடிதம் ஜனகாவுக்கு வந்துச்சு. "மென்பொருள் மாற்றம் காரணமாக உத்தரவாதம் மறுக்கப்படுகிறது." கீழே உன் கையெழுத்து. அந்த ச-வை இழுக்கற இழுப்பை நான் எங்கயும் கண்டுபிடிப்பேன்.

இன்ஜெக்டரைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல. சோதிச்சதாகூட இல்ல. சோதிச்சியா? இல்ல, எனக்கு ஆறுதலுக்காக எழுதினியா? நான் செஞ்சது தப்பு, ஒத்துக்கறேன். வாரண்டி உள்ள காரைத் தொட்டது தப்பு. ஆனா தப்புக்கும் உடைஞ்சதுக்கும் சம்பந்தம் உண்டான்னு சொல்லக்கூடியவன் நீ ஒருத்தன்தான். நீ ஆமான்னு சொன்னா நான் கடையை வித்தாவது இன்ஜின் போட்டுத் தருவேன். நீ ஒண்ணுமே சொல்லலையே.

ரத்தினம்


பண்டமாரான்
4.5.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை குணபூசணி எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சர்க்கரை இறங்கியதா? தனியாக இருக்கிறீர்கள், கடைச் சாப்பாட்டைக் குறையுங்கள்.

நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய கடிதங்களை இவர் எனக்குப் படித்துக் காட்டுவார், ஒன்றைத் தவிர. படத்தைப் பற்றி எழுதியிருந்த கடிதத்தை மட்டும் மடித்து வைத்துவிட்டார். நேற்றுத்தான் எடுத்துப் படித்தேன். ஒன்பது வருஷமாக நீங்கள் ஏன் வரவில்லை என்பது எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது.

அண்ணா, 2015 டிசம்பரில் உங்களுக்கு மேனேஜர் பதவி வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஆப்பம் சுட்டுப் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே இவரிடம் சொன்னீர்கள்: "ரத்தினம், இனிமேல் டியூனிங் கடைப் பக்கம் என் பேரோ படமோ வரக்கூடாது. கம்பெனியில் யாராவது பார்த்தால் என் வேலை போகும்." மறந்துவிட்டீர்கள். இவர் மறக்கவில்லை. திறப்புக்கு முதல்நாள் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் படம் இல்லாமல் கடை திறக்க மனமில்லை, உங்களோடு மாட்டவும் வழியில்லை. கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்து, "என்னால முடியாது, நீ வெட்டு" என்றார். வெட்டியது நான். உங்கள் பாதி என் அலமாரியில் இருக்கிறது.

அன்று நீங்கள் எழுந்து போனதை, பெரிய கம்பெனிக்காரர் நம் கடையில் நிற்கக் கூச்சப்பட்டுப் போய்விட்டார் என்று இவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் அழைக்கவில்லை, நாங்களும் அழைக்கவில்லை.

இன்னொன்று. ஜனகா காரின் மேப்பை இவர் ஏன் ஒன்பது வாரத்தில் எடுத்தார் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது ஜனகா சொன்னாள், அந்தக் கம்பெனியின் வாரண்டி எல்லாம் சிவா மாமா கைக்குத்தான் போகுமாம் என்று. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். "அவன் கையெழுத்துப் போடற இடத்துல என் வேலை போய் நிக்கக்கூடாது" என்றார். அவ்வளவுதான்.

உங்களை மாற்றச் சொல்லவில்லை. தெரியாமல் இருக்கக்கூடாது என்று எழுதினேன்.

தங்கை
குணபூசணி


பண்டமாரான்
1.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். ஜனகா எழுதுகிறேன். நலமாக இருக்கிறீர்களா? ஆறாம் வகுப்பு வரைதான் தமிழ் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா உங்களுக்கு எழுதியதாகச் சொன்னார். பதில் வரவில்லை என்றும் சொன்னார்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். ஜூன் 24 விசாரணை. வக்கீல் தேவையில்லை, நானே பேச வேண்டும். கம்பெனி இரண்டு என்ற எண்ணைக் காட்டும். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை.

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கே.எல். சென்ட்ரலில்தான் ரயில் மாறுகிறேன். உங்கள் வீடு அங்கிருந்து ஐந்து நிமிடம் என்று அப்பா சொன்னார். ஒருநாள் மாடிப்படி வரை வந்தேன். கேட்டால் உங்களுக்குச் சங்கடம், திரும்பிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. இன்ஜெக்டர் சோதனை நடந்ததா? ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும். இல்லை என்றால் வழக்கைத் திரும்பப் பெற்றுவிடுவேன், அப்பாவைக் கடையை விற்க விடமாட்டேன், வேறு வழி பார்த்துக்கொள்வோம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் மருந்தாளர், சும்மா சொல்லவில்லை.

மருமகள்
ஜனகா


பிரிக்பீல்ட்ஸ்
8.6.2025

அன்புள்ள ஜனகாவுக்கு,

ஆம்.

சோதனை பிப்ரவரி 26-இல் நடந்தது. அறிக்கை மார்ச் 11-இல் என் கைக்கு வந்தது. மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டர், மூடியிருக்கவேண்டிய நேரத்திலும், அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு சொட்டியது. அது தொழிற்சாலையில் பொருத்திய உதிரிப்பாகம், முத்திரை உடையவில்லை, யாரும் தொடவில்லை. ராத்திரி முழுக்கச் சொட்டிய பெட்ரோல், காலையில் நீ காரை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பிஸ்டனை அடித்திருக்கிறது. உன் கார் வந்த அதே தொகுதிக் கார்களுக்கு இந்தக் குறை இருப்பதாகக் கம்பெனிக்குள் ஒரு சுற்றறிக்கை இரண்டு வருஷமாக இருக்கிறது. சத்தம் போடுகிறவர்களுக்கு மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்கள்.

அறிக்கை எண், தேதி, சுற்றறிக்கை எண் மூன்றையும் தனித் தாளில் தட்டச்சு செய்து இதனுடன் வைத்திருக்கிறேன். ஆவணங்களின் நகல் வைக்கவில்லை. இந்த எண்களைச் சொல்லி, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று மன்றத்தில் கேள். எண்ணைச் சொல்லிக் கேட்டால் இல்லையென்று சொல்வது கஷ்டம். அந்தத் தாளை மன்றத்துக்குக் கொண்டுபோ. இந்தக் கடிதம் வீட்டில் இருக்கட்டும்.

இத்தனையும் தெரிந்தும் ஏப்ரலில் மறுத்துக் கையெழுத்திட்டேன். அறிக்கையை என் மேலதிகாரியிடம் காட்டினேன். "கணினி இரண்டு என்கிறது, வேறெதுவும் எழுதத் தேவையில்லை" என்றார். இது எங்கள் குடும்பத்துக் கார், வேறொருவர் பார்க்கட்டும் என்று நான் முதல்நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் அப்பாவின் வேலைக்கு என் கையால் தீர்ப்பெழுதும் நாளுக்கு ஒன்பது வருஷம் காத்திருந்தேன் போலிருக்கிறது. விதி எனக்கு வசதியாகக் கிடைத்தது.

உன் அம்மாவின் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஆப்பம் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. சொன்னது ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன், அது நான் சொல்லக்கூடியதுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்து, சுகமா என்ற வரிக்கு மேல் போகமுடியவில்லை.

உன் அப்பாவிடம் சொல்: வாரண்டி உள்ள காரைத் தொட்டது தப்புதான், அதில் நான் மாறவில்லை. விதி காரணமில்லாமல் வந்ததல்ல. ஆனால் ஒன்பது வாரம் ஓடிய அந்த மேப் இந்தப் பிஸ்டனை உடைக்கவில்லை. பழைய பதிவுகளைக் கணினியிலிருந்து இழுத்துப் பார்த்தேன். பிஸ்டனை உடைக்கும் அந்தத் தட்டல் அந்த ஒன்பது வாரமும் இன்ஜினில் ஒருமுறைகூட இல்லை. மேட்டில் ஏறும்போது அவன் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறான், தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தியிருக்கிறான். உலு யாமில் நாங்கள் வந்து சேர்ந்த அதே விகிதம். கம்பெனி மேப்பைவிடப் பாதுகாப்பானது. இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகும் அதை மறக்காமல் வைத்திருக்கிறான். கடையை விற்கவேண்டாம். முட்டிக்கு வைத்தியம் பார்க்கட்டும்.

மன்றம் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் வருவேன். நீ கூப்பிடு. அங்கே கேட்கும்போது பெயரைச் சொல்வேன், அறிக்கையை நான்தான் எழுதச் சொன்னேன் என்றும் சொல்வேன்.

இந்தக் கடிதத்தின் கீழே பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். வேலை ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, பயம் இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பேனா நின்றது அதனால் மட்டும் அல்ல. ஏப்ரலில் உன் வீட்டுக்கு ஒரு கையெழுத்து வந்தது. அதையே இரண்டாம் முறை உன் கைக்கு அனுப்ப எனக்கு வெட்கமாக இருக்கிறது. இடத்தை வெறுமையாக விட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.